மன்னர் ஒப்புதல் அளித்த செய்தி

வெண்குன்றம் நாட்டில் கணினியும் உண்டு, மன்னரும் உண்டு. ஆனால் மன்னர் தனஞ்செயராயரின் அரண்மனையில் ஓர் இலாகா செய்வது இன்னொன்றுக்குத் தெரியாது. மடைப்பள்ளியும் படைவீடும் ஒரே அரிசியைத் தனித்தனியே வாங்கும். யானைக்குக் கரும்பு வாங்க இரண்டுமே மறந்துவிடும். எதைக் கேட்பதானாலும் திவான் விசயரங்கத்தின் வாசலில் போய்க் காத்துக்கிடக்க வேண்டும்.

இதைச் சரிசெய்தவர் அவைப்புலவர் பிச்சாண்டி. பாட்டு எழுதுவதை விடக் கணினியை நோண்டுவதில்தான் அவருக்கு மோகம். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு திறந்தமூல மென்பொருளைக் கொண்டுவந்து நிறுவினார். கையில் செல்பேசி இருந்தால் போதும். எல்லா இலாகாவும் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதலாம், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம். ஊர்மக்கள் பார்க்கவென்று ஒரு செய்திப் பக்கமும் அதிலேயே இருந்தது. கொஞ்ச நாளில் யானை கொழுத்தது. திவானின் வாசலில் ஈ காக்கை இல்லை.

திவானுக்குப் பொறுக்கவில்லை. சமையல்காரரும் பாகனும் கூடிப் பேசி முடிவெடுத்துவிடுகிறார்கள், அப்புறம் மன்னர் எதற்கென்று நாளை எவனாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று மன்னரின் காதில் ஓதினார்.

மன்னருக்குச் சுருக்கென்றது. பிச்சாண்டியை வரவழைத்தார்.

"இனி என் அனுமதி இல்லாமல் அதில் ஓர் எழுத்துக்கூட ஏறக் கூடாது. நாளைக் காலைக்குள் முடியாவிட்டால் உமக்கு இந்த அவையில் இடமில்லை."

பிச்சாண்டிக்குத் தப்பிக்க வழி தெரியவில்லை. விலைக்கு வாங்கிய மென்பொருளாக இருந்தால், பூட்டிக் கிடக்கிறது, உள்ளே கைவைக்க முடியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இதன் மூலநிரலோ எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம் என்று அவையில் பெருமையடித்தவரும் அவரேதான்.

"ஓர் எழுத்துக்கூடவா, மன்னா?"

"ஓர் எழுத்துக்கூட."

அதைக் கேட்டதும் பிச்சாண்டியின் முகம் தெளிந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் மன்னரின் செல்பேசி கிணுகிணுத்தது. மடைப்பள்ளி 'அ' எழுத விரும்புகிறது, அனுமதிக்கலாமா? மன்னர் பெருமிதத்தோடு அனுமதித்தார். 'ரி' வந்தது. 'சி' வந்தது. காலைச் சிற்றுண்டிக்குள் மன்னரின் கட்டைவிரல் வீங்கிவிட்டது. பாகன் கேட்ட கரும்பு 'கரு'வோடு நின்றது. மதியம் இலையில் சோறு விழுந்தது, குழம்பு வரவில்லை. அது இன்னும் 'கு'விலேயே இருந்தது.

இந்தச் சமயம் பார்த்து, மன்னரைக் குளிர்விக்கலாமென்று திவான் செய்திப் பக்கத்தில் ஒரு புகழுரை எழுத உட்கார்ந்தார். 'நம் மன்னர் இல்லையென்று சொல்லாத வள்ளல்' என்று தொடக்கம். மன்னரும் ஒவ்வோர் எழுத்தாக அனுமதித்துக்கொண்டே வந்தார். பாதியில் அசதி மேலிட, செல்பேசியை நெஞ்சில் வைத்தபடியே தூங்கிப்போனார்.

அழுகுரல் கேட்டுத்தான் விழித்தார். கோட்டை வாசலில் ஊரே மாலையும் கையுமாகத் திரண்டிருந்தது. பக்கத்து நாட்டு அரசர் மலர்வளையத்தோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார். என்னவென்று பார்க்க மன்னர் மாடத்தில் தலைகாட்டினார். கீழே சிலர் மயங்கி விழுந்தார்கள்.

உடனே அவை கூடியது. மன்னரே செய்திப் பக்கத்தை வாசித்தார். 'நம் மன்னர் இல்லை' என்றிருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மிச்சம் தங்கள் அனுமதிக்காக வரிசையில் நிற்கிறது என்று திவான் முனகினார்.

மன்னர் பிச்சாண்டியின் பக்கம் திரும்பினார். "உயிரோடு இருக்கும் என்னைச் செத்துவிட்டதாக ஊருக்குச் சொன்னது யார்?"

பிச்சாண்டி குனிந்து வணங்கினார். "இந்தச் செய்தியை உறுதிசெய்யத் தங்களை விட்டால் யாருக்கு உரிமை உண்டு, மன்னா? எழுத்துக்கு எழுத்து தங்கள் ஒப்புதல் பெற்றுத்தான் வெளியாகியிருக்கிறது."

மன்னர் முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று மாலையே கட்டுப்பாடு நீங்கியது. பிச்சாண்டிக்குப் பொன்னாடை கிடைத்தது. திவானுக்கும் ஒரு வேலை கிடைத்தது: வாசலில் அழுதுகொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் போய், மன்னர் நலமாக இருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

யாரும் அவரை நம்பவில்லை. செய்திப் பக்கத்தில் வரட்டும், பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு அழுகையைத் தொடர்ந்தார்கள்.