டெசிபெல் இல்லாத கணிப்பு

விசிறி நுனியில் ஜெட் வைத்த புது ஹெலிகாப்டர் இயங்கும்போது, பக்கத்தில் நின்றே நிம்மதியாகப் பேசலாம் என்று கணக்குப் போட்டிருந்தார் இயக்குநர் வைகுண்டமூர்த்தி. ஃபிட்டர் பிலோமினாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“கணக்கு எங்கேயோ உதைக்குதே சார்.”

“அப்போ சத்தம் எவ்வளவுன்னு நீயே சொல்லேன். தப்பாச்சோ, நாளையிலிருந்து வேலைக்கு வராதே!”

அவள் ஒரு சீட்டில் கிறுக்கி மடித்து, சோதனை பார்க்க வந்திருந்த அதிகாரியிடம் கொடுத்தாள். “விசிறி சுத்தும்போது சார்கிட்ட ஏதாச்சும் கேளுங்க ஐயா. அப்புறமா இதைப் பிரிங்க.”

ஜெட் சீற, விசிறி சுழன்றது. கொட்டகைத் தகரமெல்லாம் தடதடத்தது. அதிகாரி வாயசைத்தார். இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்:

“என்னது? கேக்கல!”

அதிகாரி சீட்டைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

‘என்னது? கேக்கல!’ என்று எழுதியிருந்தது.