உப்புப் பாக்காத விருந்து

ஒரு ஊர்ல ஒரு கிணறு இருந்துச்சாம். அந்தக் கிணத்துக்கு மூணு பூட்டாம்.

கிணத்துக்கு யாராச்சும் பூட்டுப் போடுவாங்களான்னு கேக்குறியா? போட்டாங்களே. சொல்றேன் கேளு. நீ ம் கொட்டிக்கிட்டே வரணும். இல்லேன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு நான் பாதியில நிறுத்திப்புடுவேன்.

ம்.

அந்த ஊர்ல மூணு தெரு. மாரியம்மன் கோவில் தெரு ஒண்ணு, பள்ளிவாசல் தெரு ஒண்ணு, மாதா கோவில் தெரு ஒண்ணு. மூணும் வந்து கூடுற முக்குலதான் அந்தக் கிணறு. தண்ணி எளநி மாதிரி இருக்குமாம். ஒரு கோடையில தண்ணி ரொம்பக் கீழ போயிடுச்சு. அப்போ விடிஞ்சா போதும், யார் வாளி மொதல்ல எறங்குறதுன்னு சண்டை. எங்க வாளிதான், இல்ல எங்க வாளிதான்னு ஒரே நேரத்துல மூணு வாளிய எறக்குனாங்க. கயிறோட கயிறு சிக்கிக்கிச்சு. வாளியெல்லாம் டங்கு டங்குன்னு மோதிக்கிட்டு, கடைசியில மூணும் அத்துக்கிட்டு உள்ள விழுந்துச்சு, தொபுக்கடீர்னு.

அப்புறம் என்ன. கிணத்து மேல இரும்பு மூடி போட்டு, சங்கிலி சுத்தி, தெருவுக்கு ஒரு பூட்டு. டக். டக். டக். ஒரு சாவி பூசாரி மருதையா கையில. ஒரு சாவி பள்ளிவாசல் பெரியவர் உதுமான் ராவுத்தர் கையில. ஒரு சாவி மாதா கோவில் உபதேசியார் அருளப்பன் கையில. மூணு பேரும் சேந்து வந்தாத்தான் திறக்கும். மூணு பேரும் சேந்து வரவே இல்ல. ரெண்டு வருஷம் ஓடிப் போச்சு. ஊர்ச்சனம் பூரா கரட்டு மேட்டைத் தாண்டி ஊருணிக்குப் போய்த்தான் தண்ணி சொமந்துச்சு.

கிணத்து முக்குல ஒரு சின்ன வீடு. அதுல பேச்சின்னு ஒருத்தி இருந்தா. தையல் மிஷின் வச்சிருந்தா. கடகடகடன்னு நாள் முழுக்கச் சத்தம் கேக்கும். அம்மனுக்குப் பாவாடையும் அவதான் தைப்பா, மாதா பீடத்துக்கு விரிப்பும் அவதான், பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளுக்குப் பெருநாள் சட்டையும் அவதான். நல்லவ. ஆனா அவளுக்கு ஒரு குணம், எதைப் பாத்தாலும் ஏன் ஏன்னு கேப்பா. சட்டை தைக்கக் குடுத்தா, ஏன் இந்தப் பக்கம் பை வைக்கணும்பா. செத்த வீட்டுக்குப் போனாக்கூட, ஏன் செத்தாருன்னு கேட்டுட்டுத்தான் அழுவா. ஊர்ல அவளுக்குப் பேரே ஏன்பேச்சி.

அந்த ஏன்பேச்சிக்கு ஒரே மக, மரிக்கொழுந்து. தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருந்தா. எட்டு மாசம். ஆத்தா மிஷின்ல குனிஞ்சிருக்குற நேரமாப் பாத்து, இவ கொடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு ஊருணிக்குக் கெளம்பிடுவா. ஒருநா கரட்டுச் சரிவுல காலு வழுக்கிருச்சு. கொடம் உருளுது, டம டம டமன்னு. நல்ல வேளை, அவ ஒரு வேலிக்காத்தான் செடியப் புடிச்சுக்கிட்டா. கையெல்லாம் முள்ளு. வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல.

அன்னிக்கு ராத்திரி பேச்சி எதையும் ஏன்னு கேக்கல. மூணு கோவில் இருக்குற திசையையும் பாத்து ஒவ்வொரு தடவை கும்பிட்டா. எம்மக மறுபடி கரடு ஏறக் கூடாது, அந்தப் பூட்ட மட்டும் திறந்து விடுங்கன்னு சொல்லிட்டுப் படுத்தா.

ம்.

அப்புறம் சேதி மூணு தெருவுக்கும் போச்சு. பெரியவங்க மூணு பேருக்கும் நெஞ்சு சுருக்குன்னுச்சு. ஊரு கிணத்தப் பூட்டி வச்சுட்டு ஒரு பிள்ளத்தாச்சிய விழ வைக்கிறோமேன்னு கிணத்தடியில வந்து உக்காந்து பேசுனாங்க. என்ன மரியாதை தெரியுமா? உங்க அம்மன் கருணையே கருணைன்னாரு ராவுத்தர். உங்க பள்ளிவாசல் அமைதி யாருக்கு வரும்னாரு மருதையா. ரெண்டு பேரையும் ஆண்டவர் ஆசீர்வதிக்கணும்னாரு அருளப்பன். ரெண்டு வருஷமாப் பேசாதவங்க இல்லையா, ஒரு வார்த்தை கூடிறக் கூடாதே குறைஞ்சுறக் கூடாதேன்னு பேசுனாங்க. ஒருத்தர ஒருத்தர் ஒண்ணுமே கேக்கல. பாராட்டிக்கிட்டே இருந்தாங்க.

கடைசியில ஒரு முடிவு பண்ணுனாங்க. அடுத்த மாசம் மொத வெள்ளிக்கிழமை மத்தியானம், பள்ளிவாசல் தொழுகை முடிஞ்சதும், கிணத்தைச் சுத்தி ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். யாரும் தன் தெருச் சோத்த மட்டும் தின்னக் கூடாது, அடுத்த தெருச் சோத்தையும் திங்கணும். எல்லாரும் கை நனைச்சதுக்கு அப்புறம் மூணு சாவியும் போட்டுத் திறக்கணும்.

பேச்சி அன்னிக்கே கடைக்குப் போய் புதுக் கயிறு வாங்கிட்டு வந்துட்டா.

வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. பந்தல் போட்டாச்சு, பாய் விரிச்சாச்சு. பள்ளிவாசல் தெருவுல இருந்து ஒரு அண்டா நெய்ச்சோறு. எல்லாருக்கும் ஆகணும்னு கறி போடாம ஆக்கிக் கொண்டாந்தாங்க. கோவில் தெருவுல இருந்து ஒரு அண்டா சாம்பாரு, முருங்கக்கா மொதக்குது. மாதா கோவில் தெருவுல இருந்து ஒரு அண்டா சேமியாப் பாயசம். வாசனை, அப்பப்பா, கரடு வரைக்கும் போச்சாம்.

ஆனா உக்காரத்தான் ஆள் இல்ல.

நீங்க உக்காருங்கன்னு இவுங்க சொல்றாங்க. இல்ல நீங்க உக்காருங்க, நாங்க பரிமாறுறோம்னு அவுங்க சொல்றாங்க. எல்லார் கையிலயும் கரண்டி. இலைக்கு முன்னால ஒருத்தர் இல்ல. சின்னப் பிள்ளைக மட்டும் நாலு இலையில உக்காந்து ஒரு வாய் வச்சுட்டு, மூஞ்சியச் சுளிச்சுட்டு எழுந்திருச்சு ஓடிருச்சுக.

நேரம் போகுது. ரெண்டு மணி ஆச்சு, மூணு மணி ஆச்சு. அப்போ மெல்ல மொணமொணப்பு ஆரம்பிச்சுது. நம்ம கைச்சோறு அவுங்களுக்கு எறங்காதாம்ல. எறங்குற மாதிரி இருந்தா இந்நேரம் உக்காந்திருக்க மாட்டாங்களா. ராவுத்தரு சாவிய எடுத்து மறுபடி இடுப்புல சொருகிக்கிட்டாரு. மருதையா அண்டாவத் தூக்குங்கடான்னு பசங்களுக்குக் கண்ணக் காட்டுனாரு.

பேச்சி வீட்டப் பாத்தா. மக வாசல்ல நிக்கிறா, பக்கத்துல காலிக் கொடம்.

பேச்சி நேரா ராவுத்தருகிட்ட போனா. ஏன் மாமா சாப்பிடலன்னு கேட்டா. வயிறு சரியில்லம்மான்னாரு. சரி. அப்புறம் உபதேசியாருகிட்ட போனா. ஏன் சாமி சாப்பிடலன்னா. காலையிலயே பலமாச் சாப்பிட்டுட்டேன் பேச்சின்னாரு. அப்போ அவரு வயிறு கொர்ர்ர்னு சத்தம் போட்டுச்சு. அவரு இருமுற மாதிரி இருமுனாரு. அப்புறம் மருதையாகிட்ட போனா. ஏன் சித்தப்பா சாப்பிடலன்னா. பல்லுவலின்னாரு. பேச்சி அவரை மேலயும் கீழயும் பாத்தா. வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் வெறும் ஒடம்போட துண்டு மட்டும் போட்டுத் திரியுற மனுசன், அன்னிக்கு மணிக்கட்டு வரைக்கும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாரு, இந்த வெயில்ல.

இது ஏன்னு அவளுக்குக் கொடையுது. சரி, மனுசங்க சொல்லலேன்னா சோறு சொல்லட்டும்னு அண்டாகிட்ட போனா. நெய்ச்சோத்துல ஒரு வாய் எடுத்துப் போட்டா. உப்பே இல்ல. சாம்பாரை ஒரு கை ஊத்திக் குடிச்சா. அய்யோ, உப்புக் கரிக்குது, நாக்கு தடிச்சுப் போச்சு. பாயசத்தை ஒரு டம்ளரு மோந்து குடிச்சா. இனிப்பே இல்ல.

ஏன் தெரியுமா? நீயே சொல்லு பாப்போம்.

ம்... தெரியல.

பேச்சிக்கும் தெரியல. ஆனா அவ பொம்பளைங்க நிக்கிற பக்கம் திரும்பி, சத்தம் போடாம, மெதுவாத்தான் கேட்டா:

"ஏக்கா, மூணு அண்டா ஆக்கியிருக்கீங்க. ஒருத்தர்கூடவா உப்புப் பாக்கல?"

பொம்பளைங்க அத்தனை பேரும் தரையப் பாத்தாங்க. உப்புப் பாக்காம எந்தப் பொம்பளையாச்சும் ஊருக்குச் சோறாக்குவாளா? ஆக்குனா அதுக்கு ஒரே ஒரு காரணந்தான் இருக்க முடியும்.

ராவுத்தர் வீட்டம்மா ஆசியாம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு முன்னால வந்தா. "நேத்து சாயங்காலம் பிறை தெரிஞ்சிருச்சு பேச்சி. இன்னிக்குத்தான் மொத நோன்பு. நாக்குல எதையும் வைக்க முடியாதுல்ல" அப்படின்னா.

அப்போ மாதா கோவில் தெருக் கூட்டத்துல இருந்து ஒரு கிழவி, எங்களுக்கும் தவக்காலத்து வெள்ளி, எல்லாரும் ஒருசந்தின்னா. ஒரு வேளைதான் சாப்பிடுவோம், அதுவும் பொழுது சாஞ்சுதான். சீனிய இவ போட்டிருப்பான்னு அவ நெனச்சா, அவ போட்டிருப்பான்னு இவ நெனச்சா, கடைசியில யாருமே போடல.

மருதையா முன்னால வந்தாரு. முழுக்கைச் சட்டையச் சுருட்டி மேல ஏத்துனாரு. மணிக்கட்டுல மஞ்சக் கயிறு. காலையில அம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு, கோவில் தெருவே விரதம். பேச்சி வீட்ல பிள்ளத்தாச்சி இருக்கறதால அவளுக்கு இந்த வருஷம் காப்பு இல்ல, கோவில் பக்கமே போகல, அதனாலதான் அவளுக்குத் தெரியல. சாம்பாருக்கு மட்டும் மூணு பேரு தனித்தனியா உப்புப் போட்டிருக்காங்க.

தேதிய மாத்துங்கன்னு ஏன் யாரும் சொல்லலன்னு பேச்சி கேட்டா. மாத்தச் சொன்னா, நம்ம சோத்தத் திங்க மனசில்லாம சாக்குச் சொல்றாங்கன்னு மத்தவங்க நெனச்சுருவாங்களேன்னு பெரியவங்க மூணு பேருமே வாய மூடிக்கிட்டாங்களாம்.

"பசியோட நின்னுக்கிட்டா எனக்கு நெய்ச்சோறு ஆக்குனீங்க?" அப்படின்னாரு மருதையா. ராவுத்தரு சிரிச்சாரு. "நீரு மட்டும் என்ன, தின்னுட்டா ஆக்குனீரு?"

அதுக்கப்புறம்தான் ஊரு கேக்க ஆரம்பிச்சுது கண்ணு. பசிக்கிறதே தெரியல. மஞ்சக் கயிறு எத்தனை நாளைக்கு? எச்சிலைக்கூட முழுங்க மாட்டீங்களா? முழுங்கலாம் முழுங்கலாம், அது தப்பில்ல. ஒருசந்தின்னா தண்ணி குடிக்கலாமா? சாமிக்கு வேண்டிக்கிறப்ப நீங்க என்ன கேப்பீங்க? ஆளாளுக்குப் பந்தல் நெழல்ல உக்காந்து ஏன் ஏன்னு கேக்குறாங்க. ஊரே ஏன்பேச்சியாப் போச்சு. பேச்சி மட்டும் சும்மா உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தா.

பொழுது சாஞ்சுது. அப்போ மாதா கோவில் மணி, டாண் டாண் டாண். பள்ளிவாசல்ல பாங்கு. அம்மன் கோவில்ல கணகணகணன்னு தீவாரண மணி. அவுங்கவுங்க போய்க் கும்பிட வேண்டியதக் கும்பிட்டுட்டு, தொழ வேண்டியதத் தொழுதுட்டு ஓடி வந்து உக்காந்தாங்க. உப்பில்லாத நெய்ச்சோத்து மேல உப்புக் கரிக்கிற சாம்பாரை ஊத்துனா, அடேயப்பா, உப்பு கச்சிதம். பாயசத்துக்கு? ஆசியாம்மா பேரீச்சம்பழத் தட்டக் கொண்டாந்தா. பழத்தை ஒரு கடி, பாயசம் ஒரு மொடக்கு. அண்டா மூணும் காலி.

தூங்கிட்டியா?

ம்... இல்ல. பூட்டு?

ஆமா, பூட்டு. மூணு சாவியும் போட்டாங்க. டக். டக். டக். சங்கிலி சலசலன்னு விழுந்துச்சு. மூடியத் தள்ளுனாங்க. உள்ள தண்ணி கருகருன்னு, வானம் தெரியுற மாதிரி நெறைஞ்சு கெடக்கு. ரெண்டு வருஷம் யாரும் எறைக்கல இல்லையா.

அப்போ பாத்துக்கோ, எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. மொத வாளி யாரு எறக்குறது? நீங்க எறக்குங்க ராவுத்தரேன்னாரு மருதையா. உபதேசியாரு எறக்கட்டும்னாரு ராவுத்தரு. அய்யய்யோ, பூசாரிதான் எறக்கணும்னாரு அருளப்பன். முன்ன நான் நான்னு சண்டை, இப்ப நீங்க நீங்கன்னு.

மரிக்கொழுந்து அதைப் பாத்துக்கிட்டே இருந்தா. அவளுக்குத் தாகம். வயித்துல ஒரு கைய வச்சுக்கிட்டு மெதுவா நடந்து வந்தா. வீட்டு வாளியப் புதுக் கயித்துல கட்டி, தானே எறக்கிட்டா. கிறீச் கிறீச்னு உருளை சுத்துது. சளக்னு வாளி தண்ணியத் தொட்டுச்சு. அப்புறம் இழுக்க ஆரம்பிச்சா.

"விடு தாயி" அப்படின்னு மூணு குரல் ஒண்ணா வந்துச்சு. மூணு பெரியவரும் ஓடி வந்து கயித்தப் புடிச்சாங்க. மஞ்சக் கயிறு கட்டுன கை ஒண்ணு, பேரீச்சம்பழம் ஒட்டுன கை ஒண்ணு, செபமாலை சுத்துன கை ஒண்ணு. ஒரே வாளி. மேல வந்துச்சு, மேல வந்துச்சு, தளும்பத் தளும்ப வந்துச்சு. அவ ரெண்டு கையையும் குவிச்சு நீட்டுனா. மூணு பேருமா சாச்சு ஊத்துனாங்க. மடக் மடக் மடக்னு குடிச்சா.

அவ தாகம் அடங்குச்சு, என் கதையும் அடங்குச்சு. ஏன்னு கேக்குறத நாளைக்கு வச்சுக்கலாம், இப்பக் கண்ண மூடு, சாமி.