ஏழாவது கதவும் காட்டுப்பூனையும்

இக்கதையைச் சொன்னவர், சிறுமலையில் பலாப்பழம் விற்ற சவரியாயி. கேட்ட காலம் 1983ஆம் ஆண்டு ஆனி மாதம். அவர் சொன்ன வரிசை இங்கு மாற்றப்படவில்லை.

ஒரு காட்டில், மாயக் கதைகள் புனைவதில் வல்ல அணில் ஒன்று இருந்தது. இலுப்பை மரத்துக் கூட்டில் அதற்குப் பால்குடி மறவாத குட்டிகள் இருந்தன. ஒரு நாள் இரை தேடி இறங்கிய அணில், காட்டுப்பூனையின் காலடியில் சிக்கிக்கொண்டது.

"பூனையாரே, என் குட்டிகள் பசித்திருக்கும். விட்டுவிடுங்கள்."

"எனக்கும் பசிதான், அணிலம்மா! பாறைக்குக் கொண்டுபோய் நிதானமாக உண்பது என் வழக்கம். நீதான் பெரிய கதைக்காரி ஆயிற்றே, வழிக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு வா."

"'ம்' கொட்டுவீர்களா? அது இல்லாமல் எனக்குக் கதை வராது."

பூனை சிரித்தது. "வாயைத் திறந்து இரையை நழுவவிட்ட மூடர்களை நானும் அறிவேன். 'ம்' கொட்ட வாய் திறக்க வேண்டுமா என்ன? சொல், சொல்!"

பூனை அணிலின் முதுகைக் கவ்விக்கொண்டு நடந்தது. அணில் தொடங்கியது.

"ஓர் அணில் இளவரசி நிலவொளியில் ஒரு விதை நட்டாள்."

"ம்."

"விதை கொடியாகி மேகத்தைத் தொட்டது."

"ம்."

"அவள் அதில் ஏறினாள். மேகத்தின் மேல் ஒரு கோட்டை இருந்தது."

"ம்."

பூனையின் வாய் சற்றும் திறக்கவில்லை என்பதை அணில் கவனித்தது. கொடியும் கோட்டையும் எவ்வளவு அதிசயமாக இருந்தாலும், ஒன்றன்பின் ஒன்றாய் வந்து விழுந்தால் பூனைக்குக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? தூரத்தில் பாறை தெரிந்தது. கதையை எந்த இடத்தில் நிறுத்தினால் தன் குட்டிகள் உறங்க மறுத்து, 'ஏன், ஏன்' என்று தொணதொணக்கும் என்று அணில் எண்ணிப் பார்த்தது. பிறகு கதையின் போக்கை மாற்றியது.

"கோட்டையில் ஏழு கதவுகள். ஆறைத் திறந்தாள். ஏழாவதன் முன் நின்றவள், அதைத் திறக்காமலே திரும்பி ஓடினாள்."

"ம்ம்?" பூனையின் நடை தளர்ந்தது.

"கீழே இறங்கியதும், தான் வளர்த்த கொடியைத் தானே கடித்து அறுத்தாள்."

"ம்ம்ம்?" பூனை நின்றேவிட்டது.

"ஏனென்றால், அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து, 'என்னை விட்டுவிட்டுப் போகாதே!' என்று ஒரு குரல் அழுதது. அது இளவரசியின் சொந்தக் குரல். கதை முடிந்தது."

"அப்படியானால் கீழே இறங்கியவள் யார்?" என்று பூனை கத்தியது.

வாய் திறந்தது. அணில் குதித்தது, அருகிலிருந்த மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது.

"அடியே, என் பசி கிடக்கட்டும்! அவள் யார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ!"

"சொன்னால் மறுபடியும் 'ம்' என்பீரே, பூனையாரே!" என்ற அணில், கிளைக்குக் கிளை தாவிக் குட்டிகளிடம் போய்ச் சேர்ந்தது.

நீதி: நிகழ்ச்சிகளை அடுக்கினால் மட்டும் கதையாகாது, எதை எங்கே நிறுத்திவைப்பது என்று அறிந்தவரையே கதை காக்கும்.

தெற்கே சொல்வோர் கதையை இங்கு முடிப்பதில்லை. அந்திதோறும் அணில் தன் குட்டிகளுக்குக் கதை சொல்லும்போது, இலுப்பை மரத்தடியின் இருளிலிருந்தும் ஒரு "ம்" எழுமாம்.