இருபத்தோரு குரல்கள்

“இன்னும் எத்தனை வாட்ஸ் வேணும் மேடம்?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டார் சுடலைமுத்து.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் அவர் மெஷின் மெக்கானிக். வயது ஐம்பத்து மூன்று. மேடம் என்று அவர் கூப்பிடும் ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு. வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு வானொலியில் பேசும் ஹாம் ரேடியோ லைசென்ஸுக்கு இவரைப் படிக்க வைத்ததும், அந்த வட்டாரத்தில் வருஷாவருஷம் போட்டி நடத்துவதும் ஜெசிந்தாதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறிலிருந்து பத்து வரை போட்டி. எத்தனை பேரோடு பேசுகிறோமோ அத்தனை பாயிண்ட். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். புதுக் கட்டத்திலிருந்து ஒரு ஆள் கிடைத்தால் கூடுதல் பாயிண்ட்.

“உள்ள வாங்க அண்ணாச்சி.”

“நீங்க சொன்னதுல எதை விட்டேன்? வாட்ஸை ஏத்துறதுக்கு முன்னால ஆன்டெனாவை உசத்துங்கன்னீங்க. நாப்பது அடிக் கம்பம் நட்டேன். கேபிள் தடியா, நீளம் கம்மியா இருக்கட்டும்னீங்க. மாத்தினேன். சன்னமான குரலைப் பெருக்குற பெட்டியைக் கீழ வைக்காதீங்க, கம்பத்து உச்சியில வைங்கன்னீங்க. ஏறி வச்சேன். மூணு வருஷமா அதே இருபத்தோரு பேரு. முதல் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருது. மிச்ச மூணு மணி நேரமும் தொண்டை கிழியக் கூப்பிடுறேன். இரைச்சல்தான் வருது.”

ஜெசிந்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“கம்பத்தை இறக்கி வித்துரலாம்னு இருக்கேன்.”

“போன போட்டி அன்னிக்கு மொத்தம் எத்தனை பேர் செட்டுல இருந்தாங்க அண்ணாச்சி?”

சுடலைமுத்து விரல் விட்டு எண்ணினார். பாதியில் நிறுத்தினார்.

“என்னையும் சேத்து இருபத்திரண்டு.”

ஜெசிந்தா உள்ளே போய் அளவெடுக்கிற எஃகு டேப் இரண்டும், ஒரு பிவிசி குழாயும், கத்தரிக்கோலும் கொண்டுவந்து வைத்தார்.

“வெட்டுங்க.”

டேப்பை வெட்டிக் குழாயில் மாட்டினால் கையில் பிடிக்கிற ஆன்டெனா ஆகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்வது.

“எனக்கு இது எதுக்கு மேடம்? என்னோட ஆன்டெனாவுல ஒன்பது கம்பி இருக்கு.”

“உங்களுக்குன்னு யார் சொன்னா?”

ஒரு தாளை நீட்டினார். ஒன்பது பெயர்கள். லைசென்ஸ் வாங்கியும் போட்டிக்கே வராதவர்கள்.

சுடலைமுத்து தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முகம் தெளியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப் ஆன்டெனாவோடு வேம்பாருக்கு பஸ் ஏறினார். அங்கே, தாளில் இருந்த செய்யது இபுராகிம் என்று ஒருவர், ஐஸ் ஆலையில் கணக்கர். பீரோவைத் திறந்து கையடக்க செட்டை எடுத்தார். சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை.

“லைசென்ஸ் வந்த புதுசுல மூணு நாள் கூப்பிட்டேன் அண்ணாச்சி. ஒருத்தரும் பதில் சொல்லல. சரி, நம்ம குரல் எங்கயும் போகல போலன்னு வச்சிட்டேன்.”

“எப்போ?”

“போன ஆவணியில.”

சுடலைமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். போன ஆவணியில் அவருடைய செட் துணி போர்த்திக் கிடந்தது. போட்டிக்கு முந்தின நாள்தான் அவர் துணியை எடுப்பார்.

செய்யது வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போயிற்று.

“மாடிக்குப் போவோம் வாங்க,” என்றார். “இதை இப்படிப் படுக்கையாப் பிடிக்கணும். நிமித்திப் பிடிச்சா, படுக்கையா வச்சிருக்கிறவனுக்கு உங்க குரல்ல பாதிகூடப் போகாது.”

நான்கு ஞாயிறுகளில் ஒன்பது ஊர்களுக்கும் போய்வந்தார். இடைப்பட்ட நாட்களில் வேலை முடிந்து வந்ததும் செட்டைப் போட்டுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினார்.

அந்த வருஷத்துப் போட்டி நாள் வந்தது. ஏழு மணிக்குள் வழக்கமான இருபத்தோரு பேரும் முடிந்தார்கள். அப்புறம் வழக்கமான இரைச்சல்.

ஏழே கால். இரைச்சலுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“நான்… வேம்பார். கேக்குதா?”

சுடலைமுத்து நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

“கேக்குது செய்யது! நல்லாக் கேக்குது! உங்க கட்டத்தைச் சொல்லுங்க.”

“அதை எழுதி வச்ச சீட்டைக் கீழயே விட்டுட்டேன் அண்ணாச்சி.”

“போய் எடுத்துட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

இரண்டு நிமிஷம் காத்திருந்தார். செய்யது சீட்டோடு வந்து கட்டத்தைச் சொன்னார். அந்தக் கட்டத்திலிருந்து அதுவரை யாரும் பேசியதில்லை. புதுக் கட்டம் அவருக்கு மட்டும்தான் கிடைத்திருந்தது. சும்மா இருந்தால் அவருக்கு மட்டுமே.

தூத்துக்குடி கனகசபை மூன்று வருஷமாக முதலிடம். அவர் எந்த அலைவரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று சுடலைமுத்துவுக்குத் தெரியும்.

மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் ஜன்னலைப் பார்த்தார்.

“செய்யது, எழுதிக்கிடுங்க. ஆன்டெனாவைத் தெற்க திருப்பினா தூத்துக்குடி. அப்படியே வடகிழக்க திருப்பினா ராமநாதபுரம். ரெண்டு பேரு அலைவரிசையும் சொல்றேன். அவங்களையும் கூப்பிடுங்க.”

பத்து மணிவரைக்கும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் தன் பெயரைச் சொல்ல மறந்தார். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பேசினாள். எல்லோரையும் அவர் தூத்துக்குடி, ராமநாதபுரம் அலைவரிசைகளைச் சொல்லி அனுப்பிவைத்தார்.

பத்து நாள் கழித்து ஜெசிந்தா வீட்டுக்குப் போனார். முடிவுத் தாள் மேசையில் இருந்தது. எடுத்தவர் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினார்.

“முதலிடம் முன்பக்கம் இருக்கு அண்ணாச்சி.”

“இருக்கட்டும் மேடம்.”

அடியிலிருந்து விரல் வைத்து வாசித்தார். “முப்பத்தொண்ணாவது இடம். செய்யது இபுராகிம், வேம்பார். பேசினது நாலு பேர்.”

விரல் அங்கேயே நின்றது.

“நாலா? நான், தூத்துக்குடி, ராமநாதபுரம். மூணுதானே வரணும்?”

“நாலுதான். சரிபாத்துட்டேன்.”

சுடலைமுத்துவின் முகம் மெதுவாக மலர்ந்தது.

“மேடம்,” என்றார், “அந்த நாலாவது ஆளை அவரே தேடிப் பிடிச்சிருக்கார்!”