அமீர் கேட்ட பாதிப் பாடம்

கேளுங்கள், பெரியோரே, சிறுவரே! பாக்தாதின் அறிஞர்கள் இயற்கணிதம் என்னும் புதுக்கலையை வளர்த்துக்கொண்டிருந்த நாளில், டைக்ரிஸ் நதியின் இரு கரைகளிலும் பரந்திருந்த ஒரு நகரை முஃப்லிஹ் என்ற அமீர் ஆண்டுவந்தார்.

அந்நகரில் மைமூனா என்ற கணித அறிஞர் அக்கலையைக் கற்பித்தார். அதற்கு இரண்டு செயல்கள். முதலாவது அல்ஜபர்: சமமான இரு புறங்களில் ஒன்றில் குறை இருந்தால் அதை நிரப்பு, நிரப்பிய அளவை மறுபுறமும் சேர். இரண்டாவது முகாபலா: ஒருபுறம் கழித்ததை மறுபுறமும் கழி.

அமீரும் பாடம் கேட்க வந்தார். முலாம்பழம் தின்று முடித்து வருவதற்குள் முதற்பாதி போய்விட்டது. கேட்ட பாதி மிகவும் பிடித்துப்போக, அதையே சட்டமாக்கினார்.

நீதி வழங்கும் காஜியார் ஒரு செருப்பைத் தொலைத்தார். மறு செருப்பை ஆற்றில் எறிந்தார்கள். காவலனின் இட மீசை அடுப்பில் கருகியது. வல மீசையை மழித்தார்கள். வெள்ளம் கிழக்குக் கரைக் களஞ்சியத்தை அடித்துச் சென்றது. மேற்குக் கரைக் களஞ்சியத்தையும் ஆற்றில் தள்ள ஆணை பிறந்தது.

ஊருக்கு மிஞ்சிய கோதுமை அதில்தான் இருந்தது. தம் பாடத்தாலேயே ஊர் பட்டினி கிடக்கப்போகிறதே என்று மைமூனா அரண்மனைக்கு ஓடினார்.

அங்கே அமீர் அலறிக்கொண்டிருந்தார். காலையில் அவருடைய இடப்புறக் கடைவாய்ப்பல் விழுந்துவிட்டது. சட்டப்படி, வைத்தியர் இடுக்கியோடு வலப்புறம் நின்றார்.

“வாயைத் திறங்கள், அமீரே. சட்டம் தாங்கள் போட்டதுதான்.”

“சற்றுப் பொறும், ஐயா! மைமூனா அம்மையாரே, உங்கள் கணக்கு என் வாய்வரை வந்துவிட்டதே! வேறு வழியே இல்லையா?”

அமீர் தவறிவிட்டார் என்று சொன்னால் தலை போகும். மைமூனா நிதானமாகச் சொன்னார்: “இருக்கிறது. தாங்கள் முலாம்பழம் உண்டபோது நான் சொன்ன முதற்செயல். குறைந்ததை நிரப்புங்கள், நிரப்பியதை மறுபுறமும் சேருங்கள். எதையும் பிடுங்க வேண்டாம்.”

“அப்பாடா! இனி அதுவே சட்டம்!”

“களஞ்சியத்துக்குமா?”

“எல்லாவற்றுக்கும்! முதலில் இந்த இடுக்கியை வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள்!”

மேற்குக் களஞ்சியம் தப்பியது. கிழக்கில் புதியது எழுந்தது. ஒன்றும் இடியாத மேற்கிலும் இன்னொன்று எழுந்தது. வைத்தியர் அமீரின் இடப்புறத்தில் ஒரு தந்தப் பல்லைப் பொருத்தினார். இடமே இல்லாத வலப்புறத்திலும் ஒன்றைச் செருகினார். அதன்பின் அமீரால் வாயை மூடவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. ஆகவே நகரில் புதுச் சட்டம் எதுவும் பிறக்கவில்லை. மக்கள் வயிறார உண்டார்கள்.

ஆதலால், எதையும் முழுவதும் கற்காமல் பிறர்மேல் சட்டமாக்கக் கூடாது.