அருளப்பன் வீட்டு ரிவால்வர்

துப்பாக்கியை மோந்து பார்த்தே அது குடித்த உயிர்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார் பிரகதம்மாள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அவ்வளவெல்லாம் இல்லை. ஜலதோஷம் இருந்தால் ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

பழைய ஆயுதங்களை மதிப்பிடுவதில் அவர்தான் குரு. சீடர் கோதண்டம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், பட்டாளத்தில் இருந்தவர்.

ஒருநாள் அருளப்பன் என்பவர் தோல் உறையோடு ஒரு ரிவால்வரைக் கொண்டுவந்தார். அவருடைய பூட்டன் கப்பலேறி அமெரிக்கா போய், தங்கம் தோண்டும் எல்லைப்புற ஊர் ஒன்றில் காவல்காரராக இருந்தவர். இடுப்பில் இதோடுதான் திரும்பினாராம்.

"கொலைகாரன் வீடுன்னுதான் எங்களுக்குப் பேரு. பொண்ணுக்கு வரன் வந்திருக்கு. நிஜமான்னு கேக்கறாங்க. தெரியாம நான் என்னன்னு பதில் சொல்றது?"

குரு சீடரைப் பார்த்தார்.

கோதண்டம், தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழல் முனையில் நீல மெருகு போய் வெறும் இரும்பு தெரிந்தது. மரப்பிடி கூழாங்கல் போல வழுவழுத்திருந்தது.

"ரொம்ப வேலை பார்த்திருக்கு. நிறையப் பேர் போயிருப்பாங்க."

அருளப்பன் தலை குனிந்தார்.

"உடம்பைப் பார்த்தாச்சு. வயித்தையும் பாருங்க," என்றார் குரு.

கோதண்டம் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா, உள்ளே தோட்டாவைச் சுழற்றிவிடற வரியெல்லாம் நேத்து வெட்டினாப்பல இருக்கு. வெடிமருந்து அரிச்ச தடம் இல்லை. தோட்டா அறை வாயில கரிகூட இல்லை." அவர் குரல் தாழ்ந்தது. "இது யாரையும் சுட்டதில்லை."

"அப்ப வெளியே ஏன் இப்படி?" என்றார் குரு.

"அதான் தெரியலை."

குரு ரிவால்வரை உறைக்குள் செருகினார். உருவினார். மறுபடி செருகினார். தோல் உரசிய இடம்தான் மெருகு போன இடம்.

கோதண்டத்தின் கைகள் தாமாகக் குவிந்தன. கும்பிட்டது குருவையா, துப்பாக்கியையா என்று அவருக்கே தெரியவில்லை.

அருளப்பனின் முகம் மலர்ந்து, உடனே வாடியது.

"அப்படின்னா பூட்டன் பயந்தாங்கொள்ளியாம்மா? எடுத்து எடுத்துக் காட்டினதோட சரியா?"

குரு குழல் முனையை விரலால் தடவினார்.

"இந்தத் தேய்மானத்துல பாதி, வெளியே எடுத்ததுல வந்தது."

"மீதி?"

"திரும்ப உள்ளே வெச்சதுல."