நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே

மேல்மலையில் பெனினா என்று ஓர் ஆசிரியை இருந்தாள். வயது முப்பத்தொன்று. அவளிடம் ஒரே ஒரு மாணவர். அவருக்கு அறுபது முடிந்திருந்தது.

மாணவரின் பெயர் தவசிலிங்கம். முப்பத்தைந்து வருடம் சர்வேயராக இருந்து, தேனிப் பக்கத்து வயல்களையும் தோப்புகளையும் சங்கிலி பிடித்து அளந்தவர். ஓய்வு பெற்றதும் மனைவியோடு மலைக்குக் குடிவந்தார். பெனினா நடத்தியது ஓரியன்டியரிங் போட்டி. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. இவற்றை வைத்துக்கொண்டு காட்டுக்குள் அங்கங்கே கட்டியிருக்கும் கொடிகளை வரிசையாகத் தேடித் தொட்டுவிட்டு வர வேண்டும்; எந்த வழியாகப் போவது என்பது அவரவர் பாடு. குறைந்த நேரத்தில் வருபவருக்கு வெற்றி. அதற்கான வரைபடம் தயாரிக்கக் கற்றுக்கொள்ளத்தான் தவசிலிங்கம் தினமும் காலையில் அவள் வீட்டுக்குப் போனார். டீக்கடைக்காரர் அவரைக் கண்டால், வீட்டுப்பாடம் முடித்தாயிற்றா, டிபன் டப்பா எங்கே என்று விசாரிப்பார். அவர் சிரித்துக்கொண்டே நடப்பார்.

வாத்தியார் சின்னப் பெண்ணாக இருப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவள் வரைந்த காட்டின் படத்தைப் பார்த்த அன்றே 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்தப் படத்தில் ஒவ்வொரு பாறையும் ஒரு கரும்புள்ளி. நானூற்றுப் பதினாறு புள்ளிகள். அவர் நம்பவில்லை. ஒரு புள்ளியை மட்டும் குறித்துக்கொண்டு பைன் மரங்களுக்குள் நாற்பது நிமிடம் நடந்தார். பாறை இருந்தது. அதன் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

பிறகு அவள் மென்பொருளைக் காட்டினாள். கணினியில் அந்தப் படத்தின் மேல் ஓரிடத்தில் தட்டினால் ஊதா நிறத்தில் ஒரு வட்டம் விழும். அதன் மையத்தில்தான் கொடி. இன்னோர் இடத்தில் தட்டினால் இன்னொரு வட்டம் விழுந்து, முதல் வட்டத்திலிருந்து அதுவே ஒரு நேர்கோட்டை இழுத்துக்கொள்ளும். எண்கள் தாமாக வரும். மொத்தத் தூரம் ஓரத்தில் தானாக மாறும். ஒரு வட்டத்தைப் பிடித்து நகர்த்தினால் கோடுகளும் கூடவே நகரும். வெயிலில் சங்கிலி இழுத்துக் காய்த்துப்போன கையை மவுஸின் மேல் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"அநியாயமா இருக்கு டீச்சர். ஒரு வார வேலை."

"கொடி கட்டுற இடத்துக்கு நடந்துதான் போகணும் சார். அதை இது செய்யாது."

அவர் நடந்தார். புதிதாக வருபவர்களுக்கான தடத்தை அவரே போட வேண்டும் என்று பெனினா சொல்லியிருந்தாள். ஏழு கொடிகள், மூன்று கிலோமீட்டர். ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று முறை போய் அடையாள நாடா கட்டிவிட்டு வந்தார். அச்சாகப்போகும் படத்தின் அடியில் 'தடம்: தவசிலிங்கம்' என்று தட்டிப் பார்த்துக்கொண்டார்.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலையில் தோசை வார்த்துக்கொண்டே அவர் மனைவி ராக்கம்மாள் ஒரு செய்தி சொன்னாள். சந்தையில் டீச்சரைப் பார்த்தாளாம். தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டாளாம்.

ராக்கம்மாள் அதுவரை எங்கும் தனியாகப் போனதில்லை. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர் நாலடி முன்னால் போவார், அவள் பின்னால் வருவாள். முப்பத்தாறு வருடமாக அப்படித்தான். காட்டில் சேறு இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, காட்டுமாடு இருக்கிறது, திசைகாட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட உனக்குத் தெரியாது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"நீங்க போட்ட தடந்தானங்க. நல்லாத்தான் இருக்கும்."

அதற்கு மேல் அவரால் சாப்பிட முடியவில்லை.

அன்று பெனினா அறைக்குள் வருவதற்கு முன்பே அவர் கணினி முன் உட்கார்ந்துவிட்டார். கோட்டை வளைக்கவும் அந்த மென்பொருளில் வசதி உண்டு. முந்தின வாரம்தான் கற்றிருந்தார். முதல் கோட்டை எடுத்து ஒற்றையடிப் பாதையோடு வளைத்தார். இரண்டாவதை ஓடையைச் சுற்றி வளைத்தார். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு சதுப்பு நிலம். அதன் கரை ஓரமாகவே பதினாறு இடத்தில் ஒடித்து ஒடித்துக் கோட்டைக் கொண்டுபோனார். முடித்துப் பார்த்தபோது எல்லாக் கோடுகளும் வழிகளாகியிருந்தன. ஒரு குழந்தைகூடத் தொலையாது. நெஞ்சு லேசானது.

பெனினா வந்து, நின்றபடியே திரையைப் பார்த்தாள்.

"கோடெல்லாம் ஏன் சார் வளைஞ்சிருக்கு?"

"வழியோடவே போகட்டும்னு."

"யாரு?"

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கோடாக நிமிர்த்த ஆரம்பித்தாள். கோபமோ அவசரமோ இல்லை. பதினாறு ஒடிப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். மூன்றாவது கொடியிலிருந்து நான்காவதற்குப் போகிற கோடு ஒரு சின்ன மரப்பாலத்தின் மேல் விழுந்து அதை மறைத்தது. அந்த இடத்தில் மட்டும் கோட்டை வெட்டி ஓர் இடைவெளி விட்டாள். பாலம் தெரிந்தது.

"இதுக்கு மட்டும் கோட்டைத் தொடலாம் சார். அடியில இருக்கறது அவங்களுக்குத் தெரியணும்."

"அப்ப அவ எப்படிப் போவா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாம எப்படி டீச்சர் அனுப்புறது?"

அவள் அவருக்கு ஒரு வேலை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவர் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் சரியாகக் கோட்டின் மேலேயே உட்கார வேண்டும். கோட்டின் மேல் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ண வேண்டும். யாரிடமும் பேசக் கூடாது. ஓடுகிற எல்லோரிடமும் ஒரு விசில் இருக்கும். ஆபத்து என்று யாராவது அதை ஊதினால் மட்டும் எழுந்து ஓடலாம். மற்றபடி பதினொன்றரை மணி வரை அசையக் கூடாது.

ஞாயிறு காலை அவர் திசைகாட்டியைப் பிடித்து, காலடி எண்ணி, இடத்தைக் கண்டுபிடித்தார். சர்வேயருக்கு அது பெரிய காரியமில்லை. சதுப்புக்கு நடுவே மேடாகக் கிடந்த ஒரு மரத்தண்டு. அதில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். மூடுபனி மரங்களின் இடுப்பு வரைக்கும் நின்றது.

இரண்டு நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்பட்டு வந்தார்கள். முதலில் ஒரு கல்லூரிப் பையன். சதுப்பின் விளிம்பு வரை வந்து, படத்தைப் பார்த்து, வலப்புறம் திரும்பிக் கரையோடு ஓடிவிட்டான். அடுத்து, விளிம்பில் ஒன்றுசேர்ந்துவிட்ட இரண்டு பெண்கள் நின்று சண்டை போட்டார்கள். "நீ அப்படியே போடி, நான் உனக்கு முன்னாடி அங்க நிக்கிறேன்" என்று ஒருத்தி இடப்புறம் இறங்கினாள், இன்னொருத்தி வலப்புறம் போனாள். தொப்பை போட்ட ஒரு வங்கிக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார், வந்த வழியே கொஞ்ச தூரம் திரும்பி நடந்தார், பிறகு எங்கோ மேலே, ஓடையின் தலைப்பக்கம், அதே பாட்டு கேட்டது. ஒருவர் மிதித்த புல்லை அடுத்தவர் மிதிக்கவில்லை.

இருபத்தாறு பேர் போய்விட்டார்கள். நோட்டில் ஒரு கோடுகூட விழவில்லை. அந்தக் கணினியில் பார்த்துப் பார்த்து அவர் போட்ட கோட்டின் மேல், அந்தக் காட்டில், அவர் ஒருவர்தான் இருந்தார். காட்டின் எல்லாப் பக்கத்திலும் காலடிச் சத்தம் கேட்டது, குறைந்தது, அடங்கியது.

கடைசியாக ராக்கம்மாள் வந்தாள்.

சேலையை ஏற்றிச் செருகியிருந்தாள். காலில் யாரிடமோ வாங்கிப் போட்ட கேன்வாஸ் ஷூ. விளிம்பில் நின்று படத்தை விரித்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவர் வாய் திறந்தது. பெயரின் முதல் எழுத்து நாக்குக்கு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். மரங்களைப் பார்த்தாள். படத்தைக் கால்வட்டம் திருப்பினாள், மறுபடி மரங்களைப் பார்த்தாள், இன்னொரு கால்வட்டம் திருப்பினாள். இப்போது சரியாக இருந்தது. அவர் தண்டின் மேலேயே கொஞ்சம் தளர்ந்தார். வலப்புறம் போ, கரையோடு போ என்று உள்ளுக்குள் சொன்னார்.

அவள் வலப்புறமும் போகவில்லை, இடப்புறமும் போகவில்லை. பின்னால் இருந்த மேட்டைப் பார்த்து ஏறினாள். அந்த மேடு முழுக்க முள்புதர். ஆள் நுழைய முடியாத இடம் என்று படத்தில் அடர்பச்சை அடித்திருக்கும். அவரே மூன்று முறை போய்ப் பார்த்துத் திரும்பிய இடம். சேலையின் நிறம் புதருக்குள் இரண்டு முறை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அவர் எழுந்துவிட்டார். விசில் கேட்கவில்லை. ஓரடி வைத்தார். கேட்கவில்லை. அங்கேயே, நின்ற வாக்கில், விசில் கேட்காததையே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அவள் போய் அவர் பார்த்ததில்லை.

பதினொன்றரைக்கு அவர் ஓடினார்.

முடியும் இடத்தில் ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. அந்தப் போட்டியில் அது வழக்கம். ஓடி முடித்ததும் புல்லில் படத்தை விரித்து, தான் போன வழியைப் பேனாவால் வரைந்து, எங்கே தவறினேன், எங்கே நேரம் மிச்சம் பிடித்தேன் என்று மற்றவரோடு வாதாடுவார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ராக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் நீளமான கீறல். சேலை முழுக்கப் புல்விதை. பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் அவள் பெயர் இருபத்தேழு பேரில் பதினொன்றாவதாக இருந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார்.

பிறகு பெனினாவிடம் போய் நோட்டை நீட்டினார்.

"கோட்டு மேல எத்தனை பேர் சார்?"

"ஒருத்தரும் இல்ல."

அவள் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். அவர் நகரவில்லை.

"டீச்சர், அந்த மேட்டுல என்ன இருக்கு?"

"புதர்."

"புதர்தான். அவ அதுக்குள்ள போனா. பதினொண்ணாவதா வந்திருக்கா. அங்க ஒரு வழி இருக்கணும்."

"இருக்கும்."

"படம் வரைஞ்சது நீங்க."

"ஆமா சார். என்னால அதுக்குள்ள நுழைய முடியல. அதான் பச்சை அடிச்சேன்."

"அந்த மென்பொருள்ல எங்கயாவது தெரியுமா?"

"தெரியாது."

தவசிலிங்கம் காட்டைத் திரும்பிப் பார்த்தார். பனி விலகி மேடு வெளிச்சமாக இருந்தது. அங்கே எதுவும் தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எனக்கு அந்த வழி தெரியணும் டீச்சர். யார்கிட்ட கத்துக்கறது?"

பெனினா புல்வெளியின் ஓரத்தைப் பார்த்தாள். ராக்கம்மாள் ஒரு பேனாவைக் கடன் வாங்கி, அதைத் திறக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, விரித்த படத்துக்கு முன்னால் இருந்தாள்.

"அவங்க இன்னும் வரையவே ஆரம்பிக்கல சார். போய்க் கேளுங்க."